மூடி போட்டு எடுத்த குட்டி

மகள் கோயம்புத்தூருக்குப் படிக்கப் போன வருடம், வீட்டில் ஒரு சாதி நாய் வளர்க்க வேண்டும் என்று என் கணவர் முடிவு செய்தார். அவர் அந்த வார்த்தையைச் சொன்னபோது நான் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். சிரித்த சிரிப்பில் தோசை கருகிவிட்டது.

சிரித்ததற்குக் காரணம் உண்டு. நான் நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகை போட்டுப் பிழைத்த குடும்பத்துப் பெண். அவர் திண்டுக்கல் டவுனில், ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசை தவறாத குடும்பத்துப் பிள்ளை. நாங்கள் பதிவாளர் அலுவலகத்தில் கையெழுத்துப் போட்ட அன்று இரண்டு வீட்டிலிருந்தும் ஒருவரும் வரவில்லை. ரத்தம் கலந்துவிடும் என்றார்கள் அங்கே. ரத்தம் கலந்துவிடும் என்றார்கள் இங்கேயும். இரண்டு குடும்பமும் ஒத்துப்போன ஒரே விஷயம் இன்றுவரை அது ஒன்றுதான். அப்படிப்பட்ட கல்யாணத்தைச் செய்துகொண்ட மனிதர், இத்தனை வருடம் கழித்து, கலப்பில்லாத ரத்தம் தேடிக் கிளம்பினார். கலப்பில்லாத ஜீவன் ஒன்றாவது வீட்டில் இருக்கட்டும் என்று நினைத்தாரோ என்னவோ.

அவருக்குப் பூட்டுக் கடை. கடையில் இருக்கும் பூட்டுகளில் பாதிக்கு மேல் அலிகாரிலிருந்து வருபவை. வெளியூரிலிருந்து வருகிறவர்கள், இது ஒரிஜினல் திண்டுக்கல் பூட்டுத்தானே என்று கேட்பார்கள். அவர் பொய் சொல்ல மாட்டார். பூட்டைக் கையில் எடுத்து, சாவியைப் போட்டு, திறந்து மூடித் திறந்து காட்டுவார். கேட்டவரும் திருப்தியாகத் தலையாட்டி வாங்கிக்கொண்டு போவார். அதே மனிதர் நாய் விஷயத்தில் மட்டும் ஒரிஜினல்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

ஒரிஜினல் கிடைக்கும் இடத்தை யாரோ சொன்னார்கள். வேடசந்தூர் தாண்டி, மில் பஸ் போகிற ரோட்டைவிட்டு இறங்கினால் ஒரு மண் பாதை. அது முடிகிற இடத்தில் ஒரு தென்னந்தோப்பு. தோப்புக்குச் சொந்தக்காரர் மனைவி போய்ச்சேர்ந்த பிறகு ஊருக்குள் இருந்த வீட்டைப் பூட்டிவிட்டுத் தோப்பிலேயே தங்கிவிட்டவர். ராஜபாளையம் நாய்களைத் தவிர அவருக்கு வேறு துணை இல்லை. எல்லாம் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை, ரோஸ் நிற மூக்கு. கயிற்றுக் கட்டிலுக்கு அடியில் படுத்திருந்த பெரிய ஆண் நாயைக் காட்டி, இவன்தான் இங்கே எல்லாவற்றுக்கும் மூலம் என்றார். வெளி ரத்தம் ஒரு சொட்டு உள்ளே வந்ததில்லையாம். அண்ணன் தங்கை, அப்பன் மகள், எல்லாச் சம்பந்தமும் தோப்பு வேலிக்குள்ளேயே முடிந்துவிடுமாம். மனிதர்களைப் பற்றி இப்படிச் சொன்னால் போலீஸ் வரும். நாயைப் பற்றிச் சொன்னதால் என் கணவர் கைகட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

குட்டி தேர்ந்தெடுக்க அவரிடம் ஒரு முறை இருந்தது. அதற்கு அவர் வைத்திருந்த பெயர் மூடி போட்டுப் பார்க்கிறது. சாக்கில் குட்டிகள் குவிந்து தூங்கிக்கொண்டிருந்தன. அவர் பிரியாணி அண்டாவின் மூடியைத் தூக்கிக்கொண்டு பூனை மாதிரி நடந்து போய், குட்டிகளுக்குப் பின்னால் இருந்த கல்லின் மேல் போட்டார். நானே இரண்டடி பின்னால் போய்விட்டேன். குட்டிகள் அலறிக்கொண்டு திசைக்கு ஒன்றாக ஓடின. ஒன்று என் சேலைக்குள் புகுந்துகொண்டது. ஒரே ஒரு குட்டி மட்டும் காலை நீட்டிச் சோம்பல் முறித்துவிட்டுத் தூக்கத்தைத் தொடர்ந்தது.

“பார்த்தீங்களா, அசையுதான்னு? ரத்தம் சுத்தமா இருந்தா பயம் வராது. இதுதான் சாதி” என்றார் தோப்புக்காரர்.

ஓடிய குட்டிகளைப் பற்றிக் கேட்டேன். அவை பயந்தாங்கொள்ளிகள், ஆடு மேய்க்கிறவர்களிடம் சும்மா கொடுத்துவிடுவேன் என்றார். என் சேலைக்குள் இருந்ததை எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் என் கணவர் ஏற்கனவே அந்த அசையாத குட்டியைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டுவிட்டார். திரும்பி வரும் வழியில் ஒரு லாரிக்காரன் எங்கள் வாடகைக் காரை ஒட்டி வந்து ஹாரன் அடித்தான். குட்டி அவர் மடியில் தூங்கியது. அவர் என்னைப் பார்த்துக் கண்ணால் சிரித்தார். கல்யாணமான புதிதில் பார்த்த சிரிப்பு அது.

அவனுக்கு ஒரு பெயர் வைத்தோம். அதை இங்கே எழுதப் போவதில்லை, அவனே அதைச் சட்டை செய்ததில்லை. கூப்பிட்டால் வரமாட்டான். முற்றத்தில் நின்று பத்துத் தடவை கூப்பிட்டாலும் முதுகைக் காட்டிக்கொண்டு எறும்பைப் பார்த்துக்கொண்டிருப்பான். அவனாக மனம் வைத்துத் திரும்பினால், எங்களைப் பார்த்து, போனால் போகிறது என்று வருவான். வேலைக்காரனா அவன், கூப்பிட்ட குரலுக்கு ஓடி வர, என்பார் என் கணவர். அத்தனை ரோஷமாம். நான் பள்ளிக்கூடத்து டீச்சர். வகுப்பில் பேசிப் பேசித் தடித்த குரல் எனது, நாகல் நகரில் எங்கள் வீட்டில் நின்று அதட்டினால் அடுத்த தெருவில் சைக்கிளில் போகிறவன் இறங்கி நிற்பான். அந்தக் குரலுக்கும் அவன் திரும்பவில்லை. சரி, ராஜபாளையம் அல்லவா, டீச்சருக்கெல்லாம் பயப்படுமா என்று நானும்தான் நம்பினேன்.

தீபாவளிக்குத் தெருவில் உள்ள நாயெல்லாம் சாக்கடைக்குள் இறங்கி ஒளிந்தபோது அவன் மாடியில் நின்று வாணவேடிக்கை பார்த்தான். சர்ச் திருவிழாவில் வேட்டுப் போட்டபோது கொட்டாவி விட்டான். தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர் அவனைத் தாண்டி உள்ளே போய், சிலிண்டரைக் கடகடவென்று உருட்டி வைத்துவிட்டு, மறுபடியும் தாண்டி வெளியே போவார். அவன் தூங்குவான். வாசலில் யாருக்கும் சொந்தமில்லாமல் கிடந்த செம்பட்டை நாய்தான் குரைத்துத் தொண்டை வறண்டு போகும். அந்தச் சத்தத்தை யாரும் மதிக்கவில்லை. எதிர்வீட்டுக்காரர் எங்களவனைக் காட்டி, சாதி நாய் சும்மா குரைக்காது, சமயம் வரும்போது காட்டும் என்று தன் மருமகனிடம் விளக்கிக்கொண்டிருந்ததை என் காதாலேயே கேட்டேன்.

ஒரு தடவை சமயம் வந்தது. தூங்கிக்கொண்டிருந்தவனைப் பின்னாலிருந்து போய்த் தடவிக்கொடுத்தேன். துள்ளி எழுந்து என் கையைக் கவ்விவிட்டான். ஆஸ்பத்திரியில் வரிசையில் நின்று ஊசி போட்டுக்கொண்டு வந்தேன். அதற்கும் அவர் சொன்ன காரணம் ரோஷம்தான். பிறகு அவன் என் கையை நக்கிக்கொண்டே நின்றான். ரோஷக்காரன் இப்படி நக்குவானா என்று அப்போதே ஒரு நிமிடம் தோன்றியது.

அவனை ஏன் டாக்டரிடம் காட்டவில்லை என்று கேட்கலாம். குட்டியாக இருந்தபோது ஒரு தடவை காட்டினோம். டவுனில் வயதான கால்நடை மருத்துவர் ஒருவர் இருந்தார். அவர் குட்டியைப் பார்ப்பதற்கு முன்னால் எங்களைப் பார்த்தார். ஊரெல்லாம் நாய் அநாதையாகத் திரியும்போது உங்களுக்கு என்ன சாதி நாய் கேட்கிறது என்று ஆரம்பித்தார். இந்த மாதிரி ஆட்களால்தான் நாயை மெஷின் மாதிரி குட்டி போட வைக்கிறார்கள் என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் ஊசியைப் போட்டு முடிக்கிறவரை திட்டினார், போட்ட பிறகும் திட்டினார். குட்டி எப்படி இருக்கிறது என்று கடைசிவரை சொல்லவில்லை. என் கணவர் அங்கிருந்து வந்தவர்தான், பிறகு எந்த டாக்டர் வாசலையும் மிதிக்கவில்லை. அடுத்தடுத்த ஊசிகளை மருந்துக் கடைக்காரரிடம் விசாரித்துச் சமாளித்தார்.

அவனுக்கு இரண்டு வயது தாண்டியபோது ஒரு காலையில் தோப்புக்காரர் வந்தார். இளநீர்க் குலை, வாழைத்தார், பை நிறைய முருங்கைக்காய். வந்தவர் எங்களவனைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அடுத்த ஈற்றில் பிறந்த பெட்டை ஒன்று தோப்பில் தயாராக இருக்கிறது என்றார். அதே தாய், அதே தகப்பன். இரண்டையும் சேர்த்தால் ரத்தம் இன்னும் சுத்தமாகும், அப்படி ஒரு வம்சம் இந்த ஜில்லாவிலேயே இருக்காது என்றார். கூடப் பிறந்ததாயிற்றே என்று நான் இழுத்தேன். நாய்க்கு ஏதும்மா முறை என்று சிரித்தார். பிறகு என் கணவரைப் பார்த்து, என்ன சொல்றீங்க சம்மந்தி என்று கேட்டார்.

அந்த வார்த்தையில்தான் என் கணவர் விழுந்தார் என்று நினைக்கிறேன். எங்கள் கல்யாணத்தில் யாரும் யாரையும் சம்மந்தி என்று கூப்பிட்டதில்லை. அவர் அப்பா செத்தபோது என் அண்ணன் துக்கத்துக்கு வந்து, தெருமுனையில் நின்றுவிட்டுப் போய்விட்டார். இப்போது ஒருவர் பழத்தோடு வீடு தேடி வந்து, நடுக் கூடத்தில் உட்கார்ந்து, உரிமையாக அந்த வார்த்தையைச் சொல்கிறார். இவர் என்னிடம் கேட்காமல் எழுந்து போய் வெற்றிலை பாக்கு வாங்கி வந்தார். விளையாட்டுப்போலத்தான் மாற்றிக்கொண்டார்கள். ஆனால் இரண்டு பேர் முகத்திலும் விளையாட்டு இல்லை. தோப்புக்காரர் ஒன்றே ஒன்று கேட்டார். பெட்டைக்கு நோய் எதுவும் ஒட்டிக்கொள்ளக் கூடாது, மாப்பிள்ளையை ஒரு தடவை டாக்டரிடம் காட்டிவிடுங்கள் என்றார்.

சம்மந்தி சொல்லிவிட்டாரே. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சந்தில் புதிதாக ஒரு பெண் டாக்டர் கிளினிக் வைத்திருந்தார். என் பழைய மாணவிகள் வயதுதான் இருக்கும். ஆட்டோவில் இறங்கும்போதே என் கணவர் முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டார். திட்டு வாங்கத் தயாராகிறார் என்று எனக்குத் தெரிந்தது.

அந்தப் பெண் திட்டவில்லை. எங்கே வாங்கினீர்கள், ஏன் வாங்கினீர்கள் என்றும் கேட்கவில்லை. மேஜையில் தூக்கி வைக்கச் சொல்லாமல் தானே தரையில் உட்கார்ந்துகொண்டார். எங்களவன் போய் அவர் மடியில் தலையை வைத்தான். என்ன சாப்பிடுவான், எங்கே தூங்குவான், எதைப் பார்த்தால் சந்தோஷப்படுவான் என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். இப்படி யாரும் என் கணவரிடம் கேட்டதில்லை. செத்த நேரத்தில் முகம் இளகி, வம்சப் பெருமை முழுவதையும் கொட்டிவிட்டார். வெளி ரத்தம் கலக்காத தோப்பு, தீபாவளி, திருவிழா வேட்டு, ரோஷம், எல்லாம் வந்தது. அண்டா மூடியும் வந்தது. அதைக் கேட்டதும் நாயைத் தடவிக்கொண்டிருந்த டாக்டரின் கை நின்றது. இன்னொரு தடவை சொல்லுங்க சார் என்றார். ரசித்துக் கேட்கிறார் என்று நினைத்து இவர் அபிநயத்தோடு மறுபடியும் சொன்னார்.

டாக்டர் எழுந்தார். கத்தி, கத்தரியெல்லாம் வைக்கிற எவர்சில்வர் தட்டை எடுத்துக்கொண்டு நாயின் பின்பக்கம் போய்க் கீழே போட்டார். அடுத்த அறையில் கூடைக்குள் இருந்த பூனை ஒன்று அலறியது. நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். எங்களவன் சுவரில் ஒரு பல்லியைக் கவனித்துக்கொண்டிருந்தான்.

“பார்த்தீங்களா டாக்டர்?” என்றார் என் கணவர், பெருமையாக.

டாக்டர் சாவிக்கொத்தைக் குலுக்கினார். குழந்தைகள் வைத்து விளையாடும் பீப்பி ரப்பர் பொம்மையை அமுக்கினார். விசில் ஊதினார். ஒவ்வொரு தடவையும் அவன் கண்ணில் படாமல், காற்று அவன் மேல் படாமல் தள்ளி நின்று செய்தார். பல்லி போன திசையில் அவன் தலை திரும்பியது, வேறு எதற்கும் திரும்பவில்லை. கடைசியாகப் பலகை போட்டிருந்த இடத்தில் அவனை நிறுத்திவிட்டு, பின்னால் போய்ப் பலகை அதிரக் காலால் ஓங்கி மிதித்தார். உடனே திரும்பிப் பார்த்து வாலை ஆட்டினான். எனக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. மெதுவாக என் கணவரைப் பார்த்தேன். அவர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் மறுபடியும் தரையில் உட்கார்ந்து, அவனுக்கு இரண்டு காதும் கேட்கவில்லை, பிறவியிலேயே கேட்டிருக்காது என்று சொன்னார். இப்படி முழு வெள்ளையும் ரோஸ் மூக்குமாக இருக்கிற நாய்களில் இது வருவதுண்டு, ஒரே ரத்தத்துக்குள் திரும்பத் திரும்பச் சேர்த்தால் அதிகமாகிவிடும் என்றார்.

“இல்ல டாக்டர். அது ரோஷம்” என்றார் இவர்.

 இப்போது சிரித்துவிடுவார் இந்தப் பெண் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

“ரோஷமும் இருக்கும் சார். அது வேற” என்றார்.

அந்தப் பதிலுக்காக அவருக்கு ஆயுசு முழுக்கக் கடன்பட்டிருக்கிறேன். அதன்பிறகு சொன்னதை எல்லாம் என் கணவர் காது கொடுத்துக் கேட்டார். இவன் நல்ல நாய், ஆரோக்கியமான நாய், நன்றாக வளர்த்திருக்கிறீர்கள் என்று முதலில் சொன்னார் டாக்டர். சங்கிலி இல்லாமல் ரோட்டுக்கு விடாதீர்கள், வண்டிச் சத்தம் தெரியாது. தூங்கும்போது தொடாதீர்கள், பக்கத்தில் தரையைத் தட்டி எழுப்புங்கள், கடித்தது ரோஷத்தில் இல்லை, பயத்தில். வாயால் கூப்பிடாமல் கையால் கூப்பிடுங்கள், இருட்டினால் டார்ச் அடியுங்கள். வா என்பதற்கு ஒரு சைகை, உட்கார் என்பதற்கு ஒன்று, நல்ல பையன் என்பதற்கு ஒன்று என்று அவரே செய்து காட்டினார். கடைசியில்தான் கல்யாணப் பேச்சுக்கு வந்தார். அது கூடவே கூடாது என்றார். பிறக்கிற குட்டிகளில் எத்தனை கேட்கும், எத்தனை கேட்காது என்று சொல்ல முடியாது. கேட்காததைத்தான் மூடி போட்டுப் பொறுக்கிக் காவலுக்கு அனுப்புவார்கள். டிராக்டர் பின்னால் வருவது கூட அதற்குத் தெரியாது.

இவர் ஆட்டோ கூப்பிடப் போன நேரத்தில், நீங்களே தோப்புக்காரருக்கு போன் செய்து சொல்லிவிடுங்களேன் என்று நான் டாக்டரைக் கேட்டேன். 

“நான் சொன்னா, நாயே வளர்க்கத் தெரியாதவ சொல்றான்னு போயிருவாரு மேடம். சார் சொன்னாத்தான் நம்புவாரு. வேணும்னா நான் கூட வாரேன்” என்றார்.

சார் சொல்லவில்லை. தோப்புக்காரர் போன் செய்தார், பெட்டை பருவத்துக்கு வந்துவிட்டது, ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையை அழைத்து வாருங்கள் என்று. சரிண்ணே, சரிண்ணே என்று சொல்லி இவர் போனை வைத்தார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கடையில் கூட்டம் என்றார். கடையில் அப்போது ஈ கூட இல்லை. மறுநாளும் கேட்டேன். செவிட்டு நாயை வைத்துக்கொண்டு ஊரெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தேன் என்று நினைப்பாரே என்றார். நினைத்தால் என்ன என்றேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். எங்கள் கல்யாணத்தை அவர் அப்பாவிடம் சொல்லப் போனபோது கூட இந்த மனிதர் இவ்வளவு பதுங்கவில்லை. ஞாயிறு நெருங்க நெருங்க எனக்கு ஆத்திரம் ஏறியது. பிறக்காத குட்டிகளுக்காக எனக்கு அழுகை வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். வந்தது.

இதற்கு நடுவில் சைகை மட்டும் ஒழுங்காகப் பழக்கினார். இரண்டே நாளில் எங்களவன் பிடித்துக்கொண்டான். பத்துத் தடவை கூப்பிட்டாலும் வராதவன், உள்ளங்கையை மடக்கிக் காட்டியதும் காது பறக்க ஓடி வந்து காலடியில் புரண்டான். ராஜ ரத்தம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. இவருக்குச் சந்தோஷம்தான். கூடவே கொஞ்சம் ஏமாற்றமும் இருந்தது என்று எனக்குப் பட்டது.

இன்னொன்றும் மாறியது. கடையடைத்து வந்ததும் அவனைக் கூட்டிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போவது அவர் வழக்கம். மலைக்கோட்டையைப் பார்த்த மாதிரி இரண்டு பேரும் உட்கார்ந்திருப்பார்கள், அவர் பேசிக்கொண்டே இருப்பார். கீழே அடுப்படியில் எனக்குக் குரல் மட்டும் கேட்கும், வார்த்தை பிடிபடாது. கீழே இறங்கி வந்தால் என்னிடம், சோற்றுக்கு என்ன வெஞ்சனம் என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அப்படி என்னதான் பேசுகிறார் என்று எனக்குச் சில நாள் எரிச்சலாகவே இருந்திருக்கிறது. கிளினிக்குக்குப் போய் வந்த பிறகும் மாடிக்குப் போனார்கள். மேலே சத்தமே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வாடகைக் காரில் கிளம்பினோம். முன் சீட்டில் அவர், பின்னால் நானும் டாக்டரும், நடுவில் மாப்பிள்ளை. பெட்டைக்கு ஊசி போட வருகிறார் என்று சொல்லி டாக்டரை ஏற்றிக்கொண்டோம்.  மில் வாசலைத் தாண்டும்போது, இறங்கினதும் சொல்லிவிடுங்கள் என்று என் கணவரிடம் சொன்னேன். தலையாட்டினார்.

தோப்பில் பெட்டையைக் குளிப்பாட்டிக் கழுத்தில் கதம்ப மாலை போட்டிருந்தார்கள். அது மாலையைத் தின்னப் பார்த்துக்கொண்டிருந்தது. தோப்புக்காரர் வெள்ளை வேட்டி கட்டியிருந்தார். டாக்டரம்மா வந்திருக்கிறார் என்றதும் அவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. வேறொரு நாயின் குட்டிகள் சாக்கில் கிடந்தன, அவற்றுக்கு மூடி போட்டுக் காட்டினார். நான்கு ஓடின. இரண்டு தூங்கின. இந்த ரெண்டும்தாம்மா ஒரிஜினல் என்றார். டாக்டர் என் கணவரைப் பார்த்தார். நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, இந்த வருசம் தென்னையில் வெள்ளை ஈ எப்படி இருக்கிறது என்று விசாரித்தார்.

இனி இவர் சொல்ல மாட்டார், நான்தான் போட்டு உடைக்க வேண்டும் என்று நான் முந்தானையை இழுத்துச் செருகினேன். அந்த நேரத்தில் தோப்புக்காரர் பெரிய நாயைக் கூப்பிட்டார். அது வழக்கம்போலக் கட்டிலுக்கு அடியில் படுத்திருந்தது. வரவில்லை. ஏழு வருசமா இதே ரோஷம் என்று சிரித்துக்கொண்டு, குனிந்து அதன் முதுகில் கை வைக்கப் போனார். நீட்டிய அந்தக் கையில் பழைய பல் தடங்கள் ஏகத்துக்கும் இருந்தன. என் கணவர் பாய்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

“தொடாதீங்கண்ணே. அவனுக்குக் காது கேக்காது. எங்க பயலுக்கும் கேக்காது. டாக்டர் பார்த்துட்டாங்க. உங்ககிட்டச் சொல்ல எனக்குத்தான் வாய் வரல.”

தோப்புக்காரர் கையை விடுவித்துக்கொண்டார். முகம் சிவந்துவிட்டது. என்ன சம்மந்தி, விளையாடுறீங்களா என்றார். நேரே போய் அண்டா மூடியை எடுத்து வந்தார். பெரிய நாயின் தலைமாட்டுக்குப் பின்னால் நின்று கல்லின் மேல் போட்டார். மாலை போட்ட பெட்டை கிணற்றுப் பக்கம் ஓடியது. கார் டிரைவர் எட்டிப் பார்த்தார். கட்டிலுக்கு அடியில் ஒரு அசைவும் இல்லை. எடுத்து மறுபடியும் போட்டார், இன்னும் உயரத்திலிருந்து. ஏழு வருடமாகக் குட்டிகளுக்குப் பின்னால் அந்த மூடியைப் போட்டு வந்த மனிதர், அதன் சத்தத்தை அன்றுதான் முதல் முறையாகக் கேட்டார் என்று நினைக்கிறேன்.

பிறகு கிணற்றடிக்குப் போய்ப் பெட்டையைப் பிடித்து, கழுத்திலிருந்த மாலையை அவரே கழற்றினார். எடுத்து வந்து கட்டிலில் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். வம்சத்தைப் பற்றியோ, விற்ற குட்டிகளைப் பற்றியோ கேட்பார் என்று டாக்டர் தயாராக நின்றார். அவர் கட்டிலுக்கு அடியில் தெரிந்த வெள்ளை வாலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவ போனதுலருந்து தெனமும் இவன்கிட்டத்தான் பேசிக்கிட்டிருக்கேன். மூஞ்சியவே பார்த்துக்கிட்டு இருப்பான். அம்புட்டும் வெளங்குதுன்னுல்ல நெனச்சேன்.”

டாக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் என் கணவர் போய் அவர் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

“நானுந்தாண்ணே” என்றார். “மனசுல உள்ளதச் சொல்ல எனக்கும் வேற யாரு இருக்கா?”

கட்டிலுக்கு நாலு முழம் தள்ளி, எங்களவனின் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நான் நின்றிருந்தேன். எனக்குக் காது நன்றாகவே கேட்கும்.